திரைக்கதை கற்பவர்களுக்குப் படிக்கத் திரைக்கதை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திரைக்கதைப் பயிற்சி வகுப்புகள் பெருகிவருவது குறித்துத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்குத் திரைக்கதைத் தாளைப் பயிற்றுவித்துவருபவன் என்ற முறையில், அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். புதிதாக எழுத வருபவர் எடுத்துப் படித்துப் பார்ப்பதற்குத் தமிழில் திரைக்கதைப் பக்கங்கள் கிடைப்பது அரிதாக இருக்கிறது. சிறுகதை எழுத விரும்புகிறவர் அதற்கு முன் எத்தனையோ சிறுகதைகளைப் படித்திருப்பார். திரைக்கதை எழுத விரும்புகிறவரோ, ஒரு திரைக்கதையைக்கூடக் கண்ணால் பார்க்காமல், படம் பார்த்த பழக்கத்தை மட்டும் நம்பி எழுத உட்காருகிறார்.

இதன் விளைவை ஒவ்வோர் ஆண்டும் முதல் பயிற்சியிலேயே காண்கிறேன். "அப்பாவும் மகனும் பத்து வருடங்களாகப் பேசிக்கொள்வதில்லை, இருவருக்கும் உள்ளுக்குள் வருத்தம் இருக்கிறது" என்று ஒரு மாணவர் எழுதுவார். சிறுகதையில் இந்த வரி நிற்கும். திரைக்கதையில் இதை வைத்துக்கொண்டு ஒளிப்பதிவாளர் எதைப் படம்பிடிப்பார்? நடிகர் என்ன செய்வார்? கூடத்தில் அப்பா நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார். இரண்டடி தள்ளி மகன் நிற்கிறான். அம்மா தரையில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். "கரண்ட் பில் கட்டியாச்சான்னு கேளு" என்று அப்பா அம்மாவிடம் சொல்கிறார். மகன் சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து அம்மாவிடம் நீட்டுகிறான். அவள் தலை நிமிராமலே அதை வாங்கி, அப்பா பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த கீரைத்தண்டை எடுக்கிறாள். பத்து வருடம் என்பதை யாரும் சொல்லவில்லை. அம்மாவின் கை அதற்குப் பழகிவிட்டதில் அது தெரிந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவதையும் காதில் விழுவதையும் மட்டும், நிகழ்காலத்தில், நடந்துகொண்டிருப்பதைப் போல எழுத வேண்டும் என்பதுதான் இக்கலையின் முதல் பாடம். அதை விதியாகச் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுகிறார்கள். தேர்ந்த ஒருவர் எழுதிய நான்கு பக்கங்களைக் கையில் கொடுத்தால்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

வடிவமும் அப்படித்தான். காட்சி எண், உட்புறமா வெளிப்புறமா, இடம், பகலா இரவா என்ற தலைப்பு வரி ஏன் தேவை என்பதை நான் அரை மணி நேரம் விளக்குவதைவிட, ஒரே வீட்டின் பகல் காட்சிகளையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் எடுப்பதற்கு உதவி இயக்குநர் அந்த வரிகளைக் கொண்டுதான் பட்டியல் போடுகிறார் என்று அச்சிட்ட பக்கத்தில் காட்டினால் போதுமானது. ஆங்கிலத் திரைக்கதையில் கூரியர் என்ற எழுத்துருவில் பன்னிரண்டு புள்ளி அளவில் ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கோடம்பாக்கத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் முறையோ, தாளை இரண்டாகப் பிரித்து இடப்பக்கம் செயலையும் வலப்பக்கம் வசனத்தையும் எழுதுவது. அதற்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இது தெரியாமல் மென்பொருள் காட்டும் பக்க எண்ணை நம்பித் தன் படம் எவ்வளவு நேரம் ஓடும் என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர்.

தமிழில் திரைப்பட எழுத்து அச்சில் வந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1952-இல் வெளியான 'பராசக்தி'க்கு மு. கருணாநிதி எழுதிய வசனம் புத்தகமாக விற்றது. அதை மனப்பாடமாகச் சொல்லிக்காட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வசனப் புத்தகங்களும் பாட்டுப் புத்தகங்களும் திரையரங்க வாசலிலேயே கிடைத்த காலம் அது. அவற்றின் அருமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், வசனம் மட்டுமே அச்சேறிய அந்த மரபு, திரைக்கதை என்றால் ஆட்கள் பேசிக்கொள்வதை எழுதுவது என்ற எண்ணத்தை நம்மிடையே ஆழமாக விட்டுச் சென்றிருக்கிறது. இன்றும் என் மாணவர்களில் பெரும்பாலோர் கொண்டுவரும் முதல் பிரதியில் வலப்பக்கம் நிரம்பி வழிகிறது, இடப்பக்கம் காலியாகக் கிடக்கிறது.

வார இறுதி வகுப்புகள் இந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. அவற்றில் பலவும் சூத்திரத்தில் தொடங்கிச் சூத்திரத்திலேயே முடிகின்றன. 1979-இல் திரைக்கதை பயிற்றுவித்த அமெரிக்கரான சிட் ஃபீல்ட் தம் நூலில் விளக்கிய, தொடக்கம், மோதல், தீர்வு என்ற மூன்று அங்க அமைப்பு, நூற்றிருபது பக்கத் திரைக்கதையை முப்பது, அறுபது, முப்பது எனப் பிரிக்கிறது. அது பயனுள்ள அளவுகோல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், நம் படத்துக்கு இடைவேளை என்ற ஒன்று உண்டு. பார்வையாளரைத் தேநீர்க் கடைக்கு அனுப்பி, மீண்டும் இருக்கைக்கு இழுத்துவர வேண்டிய அந்த நெருக்கடி, சிட் ஃபீல்டின் கணக்கில் நீண்ட இரண்டாம் அங்கத்தின் நட்ட நடுவில் விழுகிறது. இதைத் தமிழ் எழுத்தாளர்கள் எப்படியெல்லாம் கையாண்டார்கள் என்பது அவர்களுடைய பிரதிகளில்தான் இருக்கிறது. அப்பிரதிகளோ படம் முடிந்ததும் பெரும்பாலும் பழைய தாளோடு போய்விடுகின்றன.

எழுதிய பிரதிக்கு இங்கே மதிப்பு குறைந்திருப்பதற்கு, வாய்ப்பு என்பது பெரும்பாலும் கதை சொல்லிப் பெறுவதாக இருப்பதும் ஒரு காரணம். தயாரிப்பாளர் முன்னும் நாயகர் முன்னும் இரண்டு மணி நேரம் அலுப்பின்றிச் சொல்லத் தெரிந்தவருக்குப் படம் கிடைக்கிறது. ஆகவே இளைஞர்கள் எழுதிப் பழகுவதைவிடச் சொல்லிப் பழகுகிறார்கள். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்று, தம் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் எனக் கூறி நாடக ஆசிரியர் ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே தெளிவாக்கிவிட்டது. தேநீர்க் கடையில் நான்கு பேரிடம் சொன்ன ஒருவரிக் கதைக்குப் பாதுகாப்பு தேட முடியாது. காட்சி காட்சியாக எழுதி முடித்த பிரதி கையில் இருந்தால் அதை எழுத்தாளர் சங்கத்திலும் பதிவு செய்துகொள்ளலாம்.

பிற நாடுகளில் விருதுக் காலம் வந்தால் ஹாலிவுட் நிறுவனங்களே தங்கள் படங்களின் திரைக்கதைகளை யாரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுகின்றன; பிபிசி தன் நாடகத் தொடர்களின் பிரதிகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. 1964-இல் புணேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் படச்சுருள்களோடு திரைக்கதைகளையும் சேகரிக்கிறது என்றாலும், தேனியிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் எழுத வருகிறவர் அங்கே போய்ப் படிக்க முடியாது. தமிழில் சில இயக்குநர்கள் தாமே முன்வந்து திரைக்கதைகளைப் புத்தகமாக்கியிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால், அவற்றில் சில படம் வெளியான பிறகு திரையைப் பார்த்துச் சீராக்கி எழுதப்பட்டவை போலத் தெரிகின்றன. அடித்தலும் திருத்தலுமாகப் படப்பிடிப்புக்குப் போன மூலப்பிரதியே கற்பவருக்கு அதிகம் உதவும்.

எனவே, இரண்டு வேண்டுகோள்கள். தங்கள் ஞாயிறு இணைப்பில் மாதம் ஒரு முறையாவது, எழுத்தாளர், தயாரிப்பாளர் இருவரின் அனுமதியோடும், ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியை மூலப்பிரதியில் உள்ளபடி அச்சிடுங்கள். அரைப் பக்கம் போதும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் திரைக்கதைப் பிரதிகளுக்கெனத் தனி அடுக்கு அமைக்க அரசு முன்வர வேண்டும். எழுத்தாளர் சங்கமும் தயாரிப்பாளர் சங்கமும் கலந்து பேசி, வெளியாகி ஐந்தாண்டுகள் கடந்த படங்களின் பிரதிகளை மட்டுமாவது அங்கே ஒப்படைக்க ஒப்புக்கொண்டால், யாருடைய வணிக நலனும் பாதிக்கப்படாது.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.