ஐந்நூறு சாட்சியா, ஒரு சாட்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் இயேசுவின் உயிர்ப்பைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நானும் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கன்தான். ஆனால் கோட்டில் முப்பது வருடம் முதலியாராக நின்று சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்த்தவனுக்குக் கட்டுரையாளரின் கணக்கு உதைக்கிறது.

“உயிர்த்த இயேசுவை ஐந்நூறு பேர் கண்டார்கள், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?” என்கிறார். அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் எழுதிய ஒரு வரிகூட நம் கையில் இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்பவர் திருத்தூதர் பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் 15ஆம் அதிகாரத்தில். ஆக, கூண்டில் ஏறியவர் ஒருவர். அதற்காக அவரைத் தள்ளிவிடவும் முடியாது. இயேசு இறந்து ஏறக்குறைய 25 வருடத்தில் எழுதுகிறார். தானே பெற்றுக்கொண்டதைத்தான் ஒப்படைப்பதாகவும் சொல்கிறார். ஆண்டவரை உயிரோடு கண்டோம் என்று சீடர்கள் மனதார நம்பினார்கள், அதுவும் வெகு சீக்கிரத்திலேயே. இதுவரை வரலாறு கூட வரும். கண்டது என்ன என்று கேட்டால் அது வாசலிலேயே நின்றுவிடும்.

இயேசுவின் கல்லறையில் மாற்கு நற்செய்தி ஒரு இளைஞரைக் காட்ட, யோவான் நற்செய்தி இரண்டு வானதூதரைக் காட்டுகிறதே என்று சிரிப்பவர்களும் அவசரக்காரர்கள். நாலு சாட்சியும் ஒரே சொல்லை ஒப்புவித்தால்தான் நீதவான் பேனையை வைத்துவிட்டுச் சந்தேகத்தோடு நிமிர்ந்து பார்ப்பார்.

உரோமப் பேரரசன் வெஸ்பாசியன் அலெக்சாந்திரியாவில் எச்சில் தடவிக் குருடன் ஒருவனுக்குப் பார்வை கொடுத்தானாம். எழுதியவர் உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். பொய் சொல்லி இலாபமில்லாத காலத்திலும் நேரில் நின்றவர்கள் அதையே சொல்கிறார்கள் என்கிறார். கட்டுரையாளர் இதையும் ஏற்பாரா?

திருச்சபைக்கே இந்த அவசரம் கிடையாது. பிரான்சின் லூர்து நகரில், மாதா காட்சி தந்ததாகச் சொல்லும் 1858க்குப் பிறகு, சுகம் கிடைத்ததாகப் பதிவானவை ஏழாயிரத்துக்கு மேல். ஆயர்கள் அற்புதமென்று அறிவித்தவை எழுபதைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மருந்தால் சுகம் வந்திருக்கலாம் என்று பட்டால் கோவையை மூடிவிடுவார்கள்.

என் அக்காவுக்குச் சின்ன வயதில் தொய்வு (ஆஸ்துமா). அம்மா பாலையூற்று லூர்து மாதாவுக்கு நேர்த்தி வைத்தார், சுகம் வந்தது. அதே கிழமைதான் டாக்டர் மருந்தை மாற்றினார் என்று அப்பா ஒருநாள் வாய்விட்டுவிட்டார். அன்று இரவு அவருக்குச் சோறு இல்லை. பிறகு ஒவ்வொரு திருநாளுக்கும் மெழுகுதிரி வாங்கி வருவது அப்பாவின் வேலையாயிற்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியார்,
திருகோணமலை.