பாப்பா கேட்ட விறகுக் கேள்வி

அன்புள்ள கயல்,

நேற்று போனில் பாப்பா, "தாத்தா, சூரியனுக்கு யார் விறகு போடுறாங்க?" என்று கேட்டாளே, நான் அவசரத்தில் "விறகு இல்லம்மா, அங்க கேஸ் எரியுது" என்று சொல்லிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு மனசு கேட்கவில்லை. அது தப்பு. அவளுக்கு நீதான் சரியாகச் சொல்ல வேண்டும்.

சூரியனில் எதுவும் எரியவில்லை. முழுக்க நிலக்கரியாக இருந்து எரிந்திருந்தால்கூட சில ஆயிரம் வருஷத்தில் தீர்ந்துபோயிருக்கும், அதுவோ 460 கோடி வருஷமாகக் காய்கிறது. நடுவில் ஒன்றரைக் கோடி டிகிரி சூடு, மேலே இருக்கும் அத்தனை எடையும் அமுக்குகிறது, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ரங்கநாதன் தெரு மாதிரி ஹைட்ரஜன் அணுக்களின் நடுவில் இருக்கும் கருக்கள் இடித்துக்கொண்டு ஓடுகின்றன. அவற்றில் நான்கு படிப்படியாகச் சேர்ந்து ஒரு ஹீலியம் கருவாகிறது. இதுதான் அணுக்கரு இணைவு. ஒரு கிலோ ஹைட்ரஜன் இப்படி மாறினால் ஹீலியமாக மிஞ்சுவது 993 கிராம்தான். குறைகிற 7 கிராம்தான் வெயிலாக வருகிறது. நொடிக்கு 60 கோடி டன் ஹைட்ரஜன் மாறுகிறது, அதில் 40 லட்சம் டன் எடை ஒளியாகவும் சூடாகவும் போய்விடுகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த நிதானம், கயல். ஹைட்ரஜன் கரு என்பது ஒற்றைப் புரோட்டான். எல்லாப் புரோட்டானுக்கும் ஒரே வகை மின்சுமை, அதனால் இரண்டு கிட்டே வந்தால் ஒன்றையொன்று தள்ளும், அந்தத் தடையைத் தாண்ட ஒன்றரைக் கோடி டிகிரியும் போதாது. அணு அளவில் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் விதிப்படி எப்போதாவது ஒரு ஜோடி தடைக்குள்ளேயே ஊடுருவிச் சேர்ந்துவிடும். சரி, சேர்ந்தால் மட்டும் போதுமா? அதே கணத்தில் இரண்டில் ஒன்று மின்சுமை இல்லாத நியூட்ரானாக மாற வேண்டும், இல்லையென்றால் மறுபடி பிரிந்துவிடும். இந்த வாய்ப்பு ஒரு புரோட்டானுக்கு அமைய சராசரியாகப் பல நூறு கோடி வருஷம் ஆகும். சூரியனின் நடுவிலிருந்து ஓர் ஆள் அளவுக்கு வெட்டி எடுத்தால், அதில் ஒரு நொடியில் உண்டாகும் சூடு நம் உடம்பில் உண்டாகிற சூட்டைவிடக் குறைவு! அத்தனை பெரிதாக இருப்பதால்தான் இத்தனை வெயில். அவசரப்பட்டிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும், நீயும் நானும் ஏது.

இதை மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அக்னி நட்சத்திரம், அம்மா என் பழைய வேட்டியில் ஜவ்வரிசி வடாம் பிழிந்துவிட்டு என்னைக் காக்காய்க்குக் காவல் வைத்திருக்கிறாள். ஓரத்தில் இருப்பது பத்தரைக்கே வெளுத்துச் சுருள ஆரம்பித்துவிட்டது. இந்த வெயில் சூரியனை விட்டுக் கிளம்பி எட்டு நிமிஷம்தான் ஆகிறது, ஆனால் நடுவில் பிறந்த சூடு முட்டி மோதி மேலே வந்து சேரவே பல்லாயிரம் வருஷம் ஆகியிருக்கும்.

அப்புறம், நுங்கம்பாக்கத்தில் அந்தக் காலத்தில் மெட்ராஸ் வானியல் நிலையம் இருந்தது. அதன் தலைவர் போக்சன், 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தன்று மசூலிப்பட்டினம் போய்ச் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, அதில் ஒரு மஞ்சள் கோட்டைக் குறித்துவைத்தார். அது ஹீலியத்தின் கோடு என்பது பிறகுதான் தெரிந்தது. பாப்பா கேட்ட அந்த விறகின் சாம்பல் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மெல்போர்னில் இப்போது சீக்கிரம் இருட்டிவிடுமே. இன்றைக்கு அவளைத் தூங்க வைக்கும்போது சுண்டுவிரல் நகத்தைக் காட்டச் சொல். அந்த இணைவில் பிறக்கும் நியூட்ரினோ என்ற துகள்கள், நொடிக்குப் பல ஆயிரம் கோடி, அந்த நகம் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ராத்திரியிலும்தான், பூமியைத் துளைத்துக்கொண்டு, அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி.

அப்பா

வடாம் காய்ந்ததும் பார்சல் அனுப்புகிறேன்.