வடக்கில் பெரும்பான்மை நாங்கள்தான்

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையில் அண்மையில் வந்த இரண்டு வாசகர் கடிதங்களைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன். ஒன்று, யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் தனியார் காணியில் எழுந்த பௌத்த விகாரையை எதிர்த்தது. மற்றது, இந்தியாவில் இந்துக்கள் விழித்துக்கொண்டதுபோல இங்கேயும் சைவர்கள் விழிக்க வேண்டும், அப்போதுதான் பௌத்தமயமாக்கலைத் தடுக்கலாம் என்றது. முதற் கடிதத்தோடு எனக்கு முழு உடன்பாடு. இரண்டாவது கடிதம் கவலை தந்தது. அப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் சனம் இதைத்தான் கதைக்கிறது.

உலகத்தில் பெரும்பான்மைவாதம் தலைதூக்கிய இடங்களைக் கொஞ்சம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இலங்கையில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர். மியன்மாரில் 2014 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 88 பேர் பௌத்தர், முஸ்லிம்கள் நாலு பேர் அளவில்தான். இந்தியாவில் 2011 கணக்கில் இந்துக்கள் நூற்றுக்கு 80 பேர் அளவில், முஸ்லிம்கள் 14 பேர். இவ்வளவு எண்ணிக்கை இருந்தும் மூன்று இடத்திலும் பேசப்படுவது ஒரே பயம்: நாங்கள் அழியப்போகிறோம், எங்கள் நாடு கைவிட்டுப் போகப்போகிறது. சிங்களவருக்குப் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கும் கோடிக்கணக்கான தமிழரைக் காட்டுகிறார்கள். பர்மியருக்குப் பங்களாதேஷைக் காட்டுகிறார்கள். இந்தியாவில் முஸ்லிம்களின் பிள்ளைகளை எண்ணிக் காட்டுகிறார்கள். இந்தப் பயத்தைப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, அதை நெஞ்சார நம்புகிற சாதாரண சனம் இருக்கிறது. ஆனால் அந்தப் பயம் சட்டமாகும்போது அடி விழுவது மற்றவர் மேல். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது, 1978இலும் அது தொடர்ந்தது. பர்மாவில் பிரதமர் ஊ நூ 1961இல் பௌத்தத்தை அரச மதமாக்கினார். வடக்கே கச்சின் கிறிஸ்தவர்கள் ஆயுதம் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு ஒற்றுமை இதைவிடக் கொடியது. எங்கோ சிலர் செய்த காரியத்துக்கு ஒரு முழுச் சமூகத்தையும் தண்டிப்பது. 1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்காகக் கொழும்பில் கடை வைத்திருந்தவரும் கந்தோரில் வேலை பார்த்தவரும் எரிக்கப்பட்டார்கள். 2002 பெப்ரவரியில் கோத்ராவில் ரயிலில் 59 பேர் எரிந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு குஜராத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2017 ஓகஸ்ட் 25 அன்று மியன்மாரில் ரோகிங்கியா முஸ்லிம்களின் ஆயுதக் குழு ஒன்று ஏறத்தாழ 30 பொலிஸ் நிலைகளைத் தாக்கியது. அதைச் சாட்டி மியன்மார் இராணுவம் ஊர் ஊராக எரித்ததில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் 250க்கும் அதிகமானோரைப் பலியெடுத்தன. அடுத்த மாதமே மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் அந்தக் குண்டுகளோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

இந்த வரிசையில் நாங்கள் சேர்க்காமல் விடும் ஒரு திகதி உண்டு. 1990 ஒக்டோபர் 30. அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலும் இருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகம். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற்படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அந்தக் கொலைகள் உண்மை. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. ஆனால் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில் தையல் மெஷினை நம்பிப் பிழைத்தவர் அம்பாறையில் நடந்ததற்கு எப்படிப் பொறுப்பாவார்? என் தகப்பனாரின் சட்டைகளை வருடக்கணக்காகத் தைத்துக் கொடுத்தவர் அந்தத் தெருவில்தான் இருந்தார். அவர் செய்த குற்றம் என்ன என்று இன்றுவரை யாராலும் எனக்குச் சொல்ல முடியவில்லை. கொழும்பில் எரிந்த தமிழ்க் கடைக்காரரின் குற்றம் எதுவோ, இவருடைய குற்றமும் அதுதான்.

2002இல் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். பின்னாளில் தமிழரசுக் கட்சியின் எம். ஏ. சுமந்திரன் அதை இனச்சுத்திகரிப்பு என்று பகிரங்கமாகச் சொன்னபோது எங்கள் பக்கத்தில் அவருக்குக் கிடைத்தது வசைதான். எங்களுக்கு நடந்ததை உலகம் அதன் சரியான பெயரால் அழைக்க வேண்டும் என்று ஜெனீவாவில் நின்று கேட்கிறோம். நாங்கள் பெரும்பான்மையாக இருந்த மண்ணில் நடந்ததற்கு மட்டும் மெதுவான சொல் தேடுகிறோம். அந்த வெளியேற்றத்தை ஆயுதம் வைத்திருந்தவர்கள்தான் செய்தார்கள், சனத்திடம் யாரும் கேட்கவில்லை என்பது சரி. ஆனால் ஆயுதம் மௌனித்த பிறகு திரும்பி வந்தவர்களை நாங்கள் எப்படி வரவேற்றோம்? இடிந்த வீடு, மாற்றாரிடம் போன காணி, பெயர்ப் பதிவுக்கு அலைச்சல், வீட்டுத் திட்டத்தில் கடைசி இடம். சலித்துப்போய்ப் புத்தளத்துக்கே திரும்பிய குடும்பங்கள் எத்தனையோ. அலுவலகக் கதிரைகளில் இருந்தவர்கள் அநேகமாக எங்கள் ஆட்கள்தான்.

இப்போது இந்தியாவைப் பற்றி. அயோத்தியில் கோயில் எழுந்ததைக் கொண்டாடி இங்கே சிலர் எழுதுகிறார்கள். 1992 டிசம்பர் 6 அன்று அங்கே ஒரு கூட்டம் பள்ளிவாசலை இடித்தது. இந்திய உச்ச நீதிமன்றமே 2019 தீர்ப்பில் அந்த இடிப்புச் சட்டவிரோதம் என்று சொல்லியிருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்து 97,000 புத்தகங்கள் சாம்பலானதைப் பார்த்த ஊர் இது. ஒரு கும்பல் இன்னொருவருடைய கட்டடத்தை இல்லாமல் செய்வதைக் கொண்டாட எங்களுக்கு எப்படி மனம் வரும்? சரி, மனத்தை விட்டு நன்மையைப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. 2019 டிசம்பரில் வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதோருக்கு மட்டும் வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் பல பத்து வருடங்களாக இருக்கும் எங்கள் உறவுகளில் பெரும்பாலானோர் இந்துக்கள். இருந்தும் அவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

இங்கே இருக்கும் ஆபத்து வேறு. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு தொடங்கப்பட்டபோது அதைச் சின்ன விடயம் என்று பலர் விட்டுவிட்டார்கள். அதன் பிறகு மதமாற்றம், பசுவதை என்ற பேச்சுகள் ஊருக்குள் வந்துவிட்டன. தமிழ்க் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் எங்கள் எதிரிகள் ஆகிறார்கள், விகாரை கட்டுகிறவர் ஒரு மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். காங்கேசன்துறைத் தொகுதியில் சைவ வாக்காளர்கள் திரும்பத் திரும்பத் தெரிவுசெய்தது தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய செல்வநாயகம் என்ற கிறிஸ்தவரை. மிஷனரிமாரை வாழ்நாள் முழுவதும் எதிர்த்த ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத் தமிழாக்கத்தில் துணை நின்றார். எங்களுக்குள்ளும் ஒரு பெரும்பான்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக விடுங்கள் என்று சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களைத் தடுத்தவர்களும் சைவத்தைக் காப்பதாகத்தான் சொன்னார்கள்.

தையிட்டிக்கு வருகிறேன். உயர் பாதுகாப்பு வலயம் என்று சொல்லி மக்களை வெளியேற்றிய இடத்தில், தனியார் காணியில், இராணுவத்தின் துணையோடு எழுந்தது அந்தத் திஸ்ஸ விகாரை. பூரணை நாட்களில் அங்கே போய் நிற்கும் காணிச் சொந்தக்காரர் கையில் இருப்பது காணி உறுதிப் பத்திரம். எந்த நீதிமன்றத்திலும், எந்தச் சிங்களச் சகோதரர் முன்னாலும் அவர் அதை விரித்துக் காட்டலாம். அந்தப் போராட்டத்தில் ‘இது சிவபூமி’ என்று பதாகை பிடித்தால் வழக்கே மாறிவிடுகிறது. ‘இது பௌத்த பூமி’ என்று மறுபக்கம் எழுதப்பட்ட பதாகைக்கு அது பதிலாகிவிடுகிறது. பிறகு எண்ணிக்கையும் துவக்கும் யாரிடம் இருக்கிறதோ அவர் வெல்வார். இதேபோல் பௌத்தத் தலம் என்று உரிமை கோரப்படும் குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் எங்களுக்குப் பலமாக இருப்பது சட்டமும் வழிபாட்டு உரிமையும்தான். அந்த உரிமை எல்லா மதத்தாருக்கும் பொதுவானது என்று சொன்னால்தான் எங்கள் வாயிலும் அது நிற்கும்.

எங்கள் சனத்திடம் இந்த நியாயம் இல்லாமல் இல்லை. 2017இல் கொழும்புக்கு அருகே கல்கிசையில் ரோகிங்கியா அகதிகள் தங்கியிருந்த வீட்டைப் பிக்குமார் தலைமையில் ஒரு கூட்டம் முற்றுகையிட்டது. 2014இல் பொது பல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பு, முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பெயர்போன மியன்மாரின் விராது பிக்குவைக் கொழும்புக்கு அழைத்து மேடையேற்றியதன் தொடர்ச்சியாகவே நான் அதைப் பார்க்கிறேன். ஆனால் 2022 டிசம்பரில் வடக்கே வெற்றிலைக்கேணிக் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்கியாக்களோடு தத்தளித்த படகைக் கண்டு தகவல் கொடுத்தவர்கள் எங்கள் மீனவர்கள். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரைக்கு இன்னொரு படகு வந்தது. தண்ணீரும் சாப்பாடும் கொண்டு ஓடியவர்கள் 2009இல் அதே கரையில் எல்லாவற்றையும் இழந்த சனம். வந்தவர்கள் முஸ்லிம்களா என்று அவர்கள் பார்க்கவில்லை.

அதிகாரப் பகிர்வுக்கு உதாரணமாக வட அயர்லாந்தை எங்கள் தலைவர்கள் அடிக்கடி காட்டுவார்கள். 1998 உடன்படிக்கை அங்கே அன்று பெரும்பான்மையாக இருந்த புரட்டஸ்தாந்தினர், சிறுபான்மையாக இருந்த கத்தோலிக்கர் ஆகிய இரு தரப்புக்கும் ஆட்சியில் பங்கு கொடுத்தது. 2021 குடிசன மதிப்பீட்டில் கத்தோலிக்கப் பின்னணி கொண்டோரின் எண்ணிக்கை புரட்டஸ்தாந்தினரை மிஞ்சியது. அன்று எழுதிய பாதுகாப்பு இப்போது மற்றப் பக்கத்துக்கும் உதவுகிறது. வடமாகாணத்துக்கு அதிகாரம் கேட்கும் எங்கள் கட்சிகள், அந்த மாகாணத்தில் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சிங்களவருக்கும் என்ன உத்தரவாதம் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. மீள்குடியேற விண்ணப்பித்த முஸ்லிம் குடும்பங்களின் காணி, வீடு, வாக்காளர் பதிவு எந்த நிலையில் இருக்கின்றன என்று பிரதேச செயலகங்களில் கேட்டு எழுதுங்கள். வரும் ஒக்டோபர் 30 அன்று 1990 வெளியேற்றத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் நிறைவேற்றுவீர்களா என்று யாழ். மாநகர சபையின் ஒவ்வொரு உறுப்பினரிடமும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலைப் பெயரோடு பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.