ஒரு டிகிரி வித்தியாசம்

ஓசூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வா,

அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. வாக்கர் இல்லாமல் நடக்கிறாரா? இங்கே பாப்பா ஒன்பதாவது போய்விட்டாள்.

பதில் எழுத மூன்று வாரம் ஆனதற்கு ஒரு தகடுதான் காரணம். காரின் கதவுத் தூணுக்குள் வைக்கிற துண்டு, டிபி 780 என்ற உயர்வலிமை எஃகு. இதற்கும் நாம் பழகிய சாதாரணத் தகட்டுக்கும் யங் குணகம், அதாவது மீள்கிற வரையிலான விறைப்பு, ஏறக்குறைய ஒன்றுதான், 200 கிகாபாஸ்கல் பக்கம். ஆனால் நிரந்தரமாக வளைவதற்கு முன் இது இரண்டு மடங்குக்கு மேல் தகைவைத் (ஓரலகுப் பரப்பில் விழும் விசையை) தாங்கும். அதனால் தகட்டை வளைத்த பிரஸ் திறந்ததும் திமிறிக்கொண்டு விரியும். ஸ்பிரிங்பேக் அதுதான்.

கணினி சிமுலேஷன் 8 டிகிரி விரியும் என்றது. அளந்தால் 9. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். 120 மி.மீ. உயரச் சுவரின் நுனியில் அது 2 மி.மீ. விலகல், வெல்டிங்கில் உட்காராது.

கணினி தகட்டைப் பிரித்துக் கணக்கிடும் கட்டங்களை, அதாவது மெஷ்ஷை, பொடியாக்கினோம், உராய்வை மாற்றினோம். ஒன்றும் நகரவில்லை. அப்புறம்தான் உறைத்தது, தகட்டைப் பற்றி நாங்கள் கணினிக்குச் சொன்னதே அரைகுறை. ஒருமுறை வளைந்த பிறகு இந்த எஃகின் யங் குணகம் 10 சதவீதத்துக்கு மேலேயே குறைந்துவிடும். அதைக் கொடுத்ததும் விடை ஒன்பதரையைத் தாண்டிவிட்டது!

விட்டுப்போனது பௌஷிங்கர் விளைவு. டையின், அதாவது பிரஸ்ஸின் அச்சின், முனையில் தகடு வளைகிறது, கடந்ததும் நிமிர்கிறது. இழுபட்ட வெளிப்பக்கம் உடனே அமுங்குகிறது. இழுத்து இறுகிய எஃகு எதிர்த்திசையில் சீக்கிரமே விட்டுக்கொடுக்கும். 1880களில் மியூனிக்கில் பௌஷிங்கர் சோதனைத் தண்டில் சிறு கண்ணாடிகளைப் பொருத்தி நுண்ணிய நீட்சியை அளந்து கண்டது இது. எங்கள் மாடலோ எந்தத் திசையிலும் ஒரே மாதிரி இறுகும் என்று எடுத்துக்கொண்டிருந்தது.

சரி, சோதித்தே பார்ப்போம் என்று இறங்கினோம். 1.2 மி.மீ. தகட்டை நீளவாக்கில் அமுக்கினால் மடங்கிவிடும். அதனால் இருபுறமும் கனமான பட்டைகள், நடுவில் டெஃப்லான் தாள், அப்படிப் பிடித்துக்கொண்டு இழுத்தோம், அமுக்கினோம். திரையில் தகைவைக் காட்டும் கோடு கீழே திரும்பியதும் கூர்மையாக இறங்காமல் மெல்ல வளைந்தது. அதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வளைவை மாடலில் சேர்த்தோம். விடை 9.1.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு இழுவைச் சோதனை காட்டும்போது, தண்டு அறுகிறவரை இழுத்து முடித்துவிடாதே. இன்னொரு தண்டைப் பாதியில் நிறுத்தித் திருப்பி அமுக்கியும் காட்டு. குட்டையான தண்டாக எடு, மடங்காது. இத்தனை வருஷம் கழித்து நான் பார்த்ததை அவர்கள் பத்தொன்பது வயதிலேயே பார்க்கட்டும்.

சோதித்த துண்டுகள் நாலும் என் மேஜையில் கிடக்கின்றன. வரைகோட்டோடு பார்சலில் அனுப்புகிறேன். அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
முரளி