மலை ஏரிப் பயணத் திட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடியது. சந்தா நிலுவை எதுவும் இல்லை. படகுக் கொட்டகையின் கூரையை மாற்றிவிட்டோம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். ஆண்டின் பெரும்பகுதி மலை ஏரிப் பயணத் திட்டத்துக்கே சென்றது என்பதால், இந்த அறிக்கையும் அதைப் பற்றியே அதிகம் பேசும்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறியபோது நாம் போட்ட கணக்கு மிக எளிது. வரைபடத்தின் மேல் நூலை வைத்துக் கரையை அளந்தோம். 80 கிலோமீட்டர் வந்தது. ஏழு படகுகள், நான்கு நாள், ஏரியை முழுதாக ஒரு சுற்று, நாளுக்கு 20 கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டோம். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலையில் கரைசேர்வதாகவும் முடிவு செய்தோம். இதில் தூரம் ஒன்றுதான் சரி.

மலை ஏரியில் காற்றுக்குத் தனி நேரம் உண்டு. வெயிலில் சரிவுகள் சூடேறும்போது பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலேறுகிறது. இரவில் குளிர்ந்து கனத்த காற்று மலையிலிருந்து இறங்குகிறது. இத்தாலியின் கார்டா ஏரியில், காலையில் வடக்கிலிருந்து வீசும் காற்றைப் பெலேர் என்கிறார்கள். பிற்பகலில் தெற்கிலிருந்து எழுவது ஓரா. கோமோ ஏரியில் அவற்றுக்குத் திவானோ, பிரேவா என்று பெயர். தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று நாம் திசை பார்த்துப் பெயரிட்டோம். அந்த ஏரிக்காரர்களோ வேளையையும் சேர்த்தே தங்கள் காற்றை அறிந்து வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு, ஒன்பது மணிக்குப் புறப்படும் திட்டம் செயற்குழுவில் ஒரே அமர்வில் கைவிடப்பட்டது. கிழக்கு வெளுக்கும்போது படகு நீரில் இருக்க வேண்டும். பதினொரு மணிக்குக் கரையில் இருக்க வேண்டும். கோடைப் பிற்பகல்களில் மலைமேல் திரளும் இடிமேகங்களும் இதே நேரக்கணக்கைத்தான் கேட்கின்றன.

கோடைத் தொடக்கத்தில் மூன்று படகுகளோடு இரண்டு நாள் வெள்ளோட்டம் நடத்தினோம். முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் நாள் கிளம்பவே தாமதமாகி, நண்பகலில் ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் வாயைக் கடந்துகொண்டிருந்தோம். அங்கிருந்து பாய்ந்த காற்று கடைசிப் படகை ஒரே அடியில் சாய்த்தது. இருவரும் நீரில் விழுந்தார்கள். ஒருவருடைய உயிர்காப்பு அங்கியின் கொக்கி மாட்டப்படவில்லை. அங்கி தாடைக்கு மேல் ஏறிக்கொள்ள, அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படகைப் பற்றியிருந்தார். நாங்கள் வீசிய கயிறு அவர் தோள்மேலேயே விழுந்தது. விரல்கள் மடங்கவில்லை, அவரால் அதைப் பற்ற முடியவில்லை. கயிற்று நுனியில் கண்ணி போட்டு மறுபடியும் வீசினோம். அதற்குள் கையை முழங்கைவரை நுழைத்த பிறகுதான் அவரை இழுக்க முடிந்தது. கரையில் வெந்நீர் கொடுத்தபோது இரண்டு மணிக்கட்டுகளுக்கு இடையில் குவளையை அணைத்துப் பிடித்தார். நல்ல வெயில், கரையில் நாங்கள் வியர்த்துக்கொண்டிருந்தோம்.

பனி உருகிய நீர் உடற்சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்கிறது. விழுந்த முதல் நிமிடம் மூச்சு கட்டுக்கு அடங்காது. அதன் பிறகு ஏறத்தாழ பத்து நிமிடம் கைகால் நம் சொல் கேட்கும். உடல் முழுவதும் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம்போல ஆகலாம். ஆனால் அங்கி இல்லாதவர் அதற்கு வெகு முன்பே மூழ்கிவிடுவார். அங்கியின் கொக்கியை மாட்டிய பிறகே கரையிலிருந்து காலை எடுப்பது என்ற விதி அன்று மாலையே வந்தது. கண்ணி போட்ட கயிறும், நீரிலிருந்து ஏறக் கயிற்றுப்படியும் இப்போது ஏழு படகுகளிலும் இருக்கின்றன. விதிகள் கூடிவிட்டன என்று சிலர் வருந்தியதை அறிவேன். அந்தக் குவளையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு விதியைக்கூடத் தளர்த்த என் மனம் ஒப்பவில்லை.

இரவுத் தங்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலை ஏரியின் கரை செங்குத்தாக இறங்கும். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும் என்பது பழைய கணக்கு. கரையிலிருந்து சில படகு நீளம் தள்ளினாலே நம் கயிறு தரையைத் தொடுவதில்லை. ஓடைகள் ஏரியில் சேரும் இடங்களில் சரளை படிந்து ஆழம் குறைந்திருக்கும், படகை இழுத்து ஏற்றவும் வசதி. ஆனால் அதே ஓடைப் பள்ளத்தின் வழியாகத்தான் இரவுக் காற்றும் இறங்கும். அதனால் படகை ஓடையின் வாயிலும் கூடாரத்தைச் சற்றுத் தள்ளி மேட்டின் மறைவிலும் வைப்பதென்று வெள்ளோட்டத்தில் கற்றோம்.

எஞ்சினை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் அதன் வலு சுமார் 3 சதவீதம் குறையும். 1,897 மீட்டர் உயரத்திலுள்ள, அமெரிக்காவின் தாஹோ போன்ற ஏரியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். துடுப்பு இல்லாத படகு பயணத்தில் சேர்க்கப்படாது. வேறு நீர்நிலையில் ஓடிய படகைக் கழுவி, நீரை வடித்து, நன்கு உலர்த்தியே கொண்டுவர வேண்டும். அந்நியச் சிப்பிகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் மிச்ச நீரில் ஒட்டிவரும்; ஒரு முறை ஏரியில் குடியேறினால் அகற்றுவது மிகக் கடினம்.

திருத்திய திட்டம் இதுதான். ஐந்து நாள், அதில் ஒரு நாள் காற்றுக்காக ஒதுக்கிய ஓய்வு நாள். நாளுக்கு 10 கிலோமீட்டர், மேற்குக் கரை மட்டும். வண்டிகள் மறுமுனைக்கு முன்கூட்டியே போய்விடும். முழுச் சுற்றை விட்டுக்கொடுத்ததில் எனக்கும் வருத்தம்தான். தினமும் மிக மெதுவான படகே முன்னால் செல்லும். எந்த ஒரு படகோட்டியாவது வேண்டாம் என்று சொன்னால், காரணம் கேட்காமல் ஏழு படகுகளும் கரையிலேயே இருக்கும். இந்தக் கடைசி விதிக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைத் தீர்மானமாகவே கோருகிறேன்.

பயணத்துக்குப் பெயர் கொடுப்போர் அதற்கு முன் ஒருமுறை பயிற்சியில் படகைக் கவிழ்த்து, நிமிர்த்தி, நீரிலிருந்து தாமே ஏறிக் காட்ட வேண்டும். வெள்ளோட்டத்தில் விழுந்த இருவரும் முதலில் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்