கம்பி போடும் முன் தாடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குழந்தைகளின் பல் சீரமைப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். தெற்றுப்பல்லையும் பல் இடைவெளியையும் விரிவாக விளக்கிய அக்கட்டுரை, தாடை எலும்பிலேயே கோளாறு உள்ள குழந்தைகளைத் தொடாமல் விட்டுவிட்டது. என் மகனுக்குக் கீழ்த்தாடை முன்தள்ளிய அமைப்பு. அவனுடைய சிகிச்சைக்காக மருத்துவமனைகளில் கேட்டறிந்தவற்றுள், மும்பையில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்குப் பயன்படும் என நான் கருதுவனவற்றை எழுதுகிறேன்.

இவ்வமைப்பு பெரும்பாலும் பரம்பரையாக வருவது. "தாத்தாவின் முகவாய் அப்படியே வந்திருக்கிறது" என்று வீட்டில் பெருமையாகப் பேசி, அத்துடன் விட்டுவிடுகிறோம். குழந்தை சாப்பிடுவதைக் கவனித்தாலே பலவும் விளங்கும். என் மகன் வடாபாவை முன்பல்லால் கடிப்பதே இல்லை. கையால் பிய்த்து, ஒரு பக்கக் கடைவாயில் ஒதுக்கித்தான் மெல்லுவான். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்கு உட்புறமாக விழுவதால், கடித்துத் துண்டிக்க அவனால் இயலாது.

7 வயதுக்குள் ஒருமுறை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டும்படி அமெரிக்கப் பல் சீரமைப்பு வல்லுநர்களின் சங்கம் அறிவுறுத்துகிறது. பால்பல் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் பெற்றோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். மேல்தாடை வளர்ச்சி குன்றியதால் கீழ்த்தாடை முன்தள்ளித் தெரியும் குழந்தைக்கு, நெற்றியிலும் முகவாயிலும் தாங்கி நின்று மேல்தாடையை முன்னோக்கி இழுக்கும் கருவியை 10 வயதுக்கு முன் அணிவித்தால் நல்ல பலன் கிடைக்கும். பிரிட்டனில் நடைபெற்ற ஓர் ஆய்வில், இதை அணிந்த குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கும், அணியாதவர்களுள் மூன்றில் இருவருக்கும் பின்னாளில் தாடை அறுவை தேவைப்படும் என்று கணிக்கப்பட்டது. அணிந்தவர்களிலும் சிலருக்கு அறுவை தேவைப்படுவதற்குக் காரணம், விடலைப் பருவத்தில் கீழ்த்தாடை மறுபடியும் வேகமாக வளர்வதுதான்.

நான் முதன்மையாக வலியுறுத்த விரும்புவது இனிச் சொல்லப்போவதையே. கீழ்த்தாடை முன்தள்ளியிருந்தால், அந்த ஏற்றத்தாழ்வை ஈடுகட்ட மேல் முன்பற்கள் வெளிப்பக்கமும் கீழ் முன்பற்கள் உட்பக்கமும் தாமாகவே சாய்ந்துகொள்கின்றன. அறுவையின்றிக் கம்பியால் மட்டும் சரிசெய்ய முனையும் மருத்துவர், கீழ்ப்பற்கள் இரண்டை எடுத்துவிட்டு அந்தச் சாய்வை இன்னும் கூட்டுவார். அறுவைக்குத் தயார்செய்யும் மருத்துவரோ அதே சாய்வை நீக்கி, பற்களை அவற்றின் எலும்பின்மீது நேராக நிறுத்துவார். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. முதல் வழியில் பாதி தூரம் போன பிறகு, தாடை மேலும் வளர்ந்து அறுவை தேவை என்றாகிவிட்டால், நகர்த்திய பற்களைத் திரும்ப நகர்த்த வேண்டும். எடுத்த பற்களோ திரும்பி வாரா. என் மகனுக்கு 13 வயதானபோது, எங்கள் பகுதிச் சிகிச்சையகம் ஒன்றில், பக்கவாட்டு எக்ஸ்ரேகூட எடுக்காமல், கீழே இரண்டு பற்களைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போடலாம் என்று நாள் குறித்தார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. முதல் கம்பி போடும் முன்பே, பல் சீரமைப்பு நிபுணரும் முக, தாடை அறுவை நிபுணரும் ஒரே மேசையில் எக்ஸ்ரேயையும் பல் அச்சையும் வைத்துப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் கேட்டே பெற வேண்டும்.

அறுவை தேவை எனத் தெரிந்தாலும், வளர்ச்சி நிற்கும்வரை பொதுவாகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சில மாதங்கள் இடைவெளி விட்டு எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேக்களின் கோட்டுப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மருத்துவர் எனக்குக் காட்டினார். மூக்கும் நெற்றியும் பொருந்தி நிற்க, முகவாயின் கோடு மட்டும் விலகியிருந்தது. அவ்விலகல் நின்ற பிறகே அறுவைக்கு நாள் குறிப்பார்கள். பெண்களுக்கு இது முன்னதாகவும், ஆண்களுக்கு 18 வயதையொட்டியோ அதற்குப் பின்னரோ அமையும். அறுவைக்கு முன் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கம்பி போட வேண்டும். பற்களின் சாய்வு நீங்க நீங்க, முகம் முன்னைவிட மோசமாகத் தோன்றும். பன்னிரண்டாம் வகுப்பிலோ கல்லூரி முதலாண்டிலோ இருக்கும் பிள்ளைக்கு இது எளிதன்று. முன்கூட்டியே சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை. நம்மவர்கள் பலர் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதுதான் தாடையைப் பற்றி யோசிக்கிறார்கள். இத்தனை நீண்ட சிகிச்சையை அந்த அவசரத்துக்குள் அடக்க முடியாது.

வாய்க்குள்ளேயே கீறி, எலும்பை நகர்த்தி, டைட்டானியத் தகடுகளால் பொருத்துவதால் முகத்தில் பெரும்பாலும் தழும்பு தெரியாது. கீழுதடும் முகவாயும் மரத்துப்போவதுண்டு. பலருக்கு மெல்லச் சரியாகும், சிலருக்கு ஓரளவு நிலைத்தும்விடும். கையெழுத்துப் போடும் முன் இதைப் பிள்ளையிடமும் மருத்துவர் நேரில் விளக்க வேண்டும்.

தனியார் செலவைத் தாங்க இயலாதவர்களுக்கு மும்பை சென்ட்ரலில் மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரியும், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. பல் சீரமைப்பும் தாடை அறுவையும் ஒரே வளாகத்தில் இருப்பதால், நான் மேலே சொன்ன கூட்டு ஆலோசனைக்கு அலைச்சல் குறையும். தாராவி, செம்பூர், மாட்டுங்கா பகுதிகளின் தமிழ் அமைப்புகள் தாங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களுக்குப் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரையும் அழைத்து, தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் கடிப்பைப் பார்க்கச் செய்யலாம்.

காப்பீடு வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி உண்டு. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை என்ற விலக்கு நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் இருப்பதால், தாடை அறுவையையும் அதில் சேர்த்து மறுத்துவிட வாய்ப்புண்டு. மெல்லுதல், பேச்சு, மூச்சு ஆகியவற்றில் உள்ள குறைபாட்டை அளவுகளுடன் குறிப்பிட்ட மருத்துவர் கடிதத்தை இணைத்து, அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செம்பூர், மும்பை.