திருப்புகழை நாலுக்குள் அடைக்காதீர்கள்: வேலூர்ப் பக்கத்து லூப் கலைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை என்று நம் பக்கத்தில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து முருகன் பாட்டுக்கு பீட் கட்டும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நீங்கள் திருப்புகழைக் கையில் எடுத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அருணகிரிநாதரின் திருவண்ணாமலை 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. வள்ளிமலையையும் விரிஞ்சிபுரத்தையும் அவர் பாடியிருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் ஸ்பீக்கரில் உங்கள் பாட்டுகள்தான். குரல் நன்றாக இருக்கிறது, பம்பை நன்றாக இருக்கிறது, ஆனால் சந்தம் உடைகிறது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாடுகிறவர் லூப் (திரும்பத் திரும்பச் சுற்றும் தாளத் துண்டு) முடிவதற்காகச் சும்மா நிற்கிறார்.

முத்தைத்தரு பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சந்தம் தத்தத்தன தத்தத் தனதன. தனிக் குறிலுக்கு ஒரு மாத்திரை, பக்கத்தில் ஒற்று வந்தால் இரண்டு என்று எண்ணிப் பாருங்கள்: ஆறு, நாலு, நாலு. மொத்தம் 14. மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளத்தின் தகிட தகதிமியை (3+4) இரட்டித்தால் வருகிற அதே 6+8. உங்கள் மென்பொருள் திறந்ததும் காட்டுவதோ நாலு நாலாகப் பிரித்த 16 கட்டம். 14ஐ அதில் வைத்தால் இரண்டு கட்டம் மிச்சம், அதை நிரப்ப ஒரு சொல்லை இழுக்கிறீர்கள், இல்லாவிட்டால் நிறுத்துகிறீர்கள். மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஓடுவதுதான் அந்தப் பாட்டின் உயிர், அந்த ஓட்டத்தை இரண்டு காலிக் கட்டங்களுக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது. (வரிகளின் கடைசியில் வரும் தனதான என்ற தொங்கல் வேறு விஷயம், அதில் நீட்டலும் நிறுத்தமும் இயல்பாகவே உண்டு.)

மென்பொருளால் முடியாது என்று சொல்ல வழியே இல்லை. எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளில் பேட்டர்ன் (ஒரு சுற்றுத் தாளத் துண்டு) நீளத்தை 14 கட்டமாகக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2018இல் வந்த 20ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு பேட்டர்னுக்கும் தனித் தாள அளவு வைக்கலாம். ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில் பலர் கிளிப்பில் (ஒரு ஒலித் துண்டில்) மட்டும் தாள அளவை 7/8 (ஒரு சுற்றில் ஏழு எண்ணிக்கை, அதாவது அந்த 14 கட்டம்) என்று மாற்றிவிட்டு, ஏன் இன்னும் தப்பான இடத்தில் தொடங்குகிறது என்று தவிக்கிறார்கள். கிளிப்பில் போடும் அளவு கட்டத்தைக் காட்டுவதற்கு மட்டும்தான், ஒலிப்பதை அது மாற்றாது. ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) முடிந்து அடுத்த கிளிப் தொடங்குவது மொத்தப் பாட்டின் அளவைப் பொறுத்தது, அதனால் மேலே டெம்போவுக்குப் பக்கத்தில் 7/8 போடுங்கள், கிளிப்பின் லூப் நீளத்தையும் அதற்குச் சரியாக வையுங்கள்.

அப்புறம் வார்ப், அதாவது பதிவின் வேகத்தை மென்பொருள் இழுத்துச் சரிசெய்வது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு 7/8 பார், அதாவது மூன்றரை அடி, 1.75 விநாடி. ஃபைலுக்குள் அளவு எழுதியிருக்காவிட்டால் மென்பொருள் அதை நாலு அடி என்று எடுத்துக்கொள்ளக்கூடும், அப்படி எடுத்தால் வேகம் 137.14 என்று காட்டும். நல்ல ஏழு எண்ணிக்கை மிருதங்க லூப் நாலு அடியாக இழுபட்டு வீணாவது இப்படித்தான். புள்ளிக்கு அப்புறம் விசித்திரமான எண் தெரிந்தால் உடனே சந்தேகப்பட்டு அடியை நீங்களே எண்ணிவிடுங்கள்.

திருப்புகழில் அங்கதாளம் என்று ஒன்று இருப்பதை பஜனைக் குழுக்களில் பாடுகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒன்றரை, இரண்டு, இரண்டு என்று சேர்ந்து ஐந்தரை எண்ணிக்கையில் ஓடும் சந்தங்கள் உண்டு, ஏழரையும் உண்டு. அரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரட்டித்துக்கொண்டால் போதும்: ஐந்தரை 11/8, ஏழரை 15/8. ஆனால் மெட்ரோனோம் (மென்பொருளில் தாளம் தட்டிக் காட்டும் ஒலி) முதல் அடியை மட்டும்தான் அழுத்திக் காட்டும், உள்ளே 3+4+4 என்று பிரிவது அதற்குத் தெரியாது. அதனால் ஜால்ரா சத்தத்தில் பிரிவுக்குப் பிரிவு தட்டும் ஒரு டிராக்கை நீங்களே போட்டு, அதைக் கேட்டுப் பாடச் சொல்லுங்கள்.

எட்டு எண்ணிக்கை லூப்பின் வாலை வெட்டி ஏழாக்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. கடைசித் தட்டின் கார்வை (நீளும் ஒலி) நறுக்கென்று நின்றுவிடும், வாசித்தவர் நினைத்த முடிப்பும் அங்கே இருக்காது. நம் ஊரில் மிருதங்கம் வாசிப்பவர்களுக்கும் மத்தளக்காரர்களுக்கும் பஞ்சமா என்ன? கூப்பிட்டு உட்காரவைத்து, நிறுத்தாமல் பல ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று) வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள், நடுவிலிருந்து ஒன்றை எடுங்கள். முந்தைய ஆவர்த்தனத்தின் கார்வை அதன் தொடக்கத்தில் கலந்திருப்பதால் சுற்றும்போது ஒட்டுத் தெரியாது. அவருக்குரிய பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

லூப்புகளைத் தொகுத்து மற்றவர்களுக்குக் கொடுப்பவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை: ஃபைல் பெயரில் வேகத்தோடு தாளத்தையும் அதன் பிரிவையும் சேருங்கள், "மிஸ்ர சாபு 3+4" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அது இல்லாததால்தான் எடுப்பவர்கள் எல்லாரும் நாலு என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்த கிருத்திகைக்கு முன்னால் ஒரு பாட்டையாவது பதினாலில் கட்டிக்கொண்டு வாருங்கள். எங்கள் குழுவோடு உட்கார்ந்து பாடிப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அங்கே சேர்ந்தே சரிசெய்துகொள்ளலாம்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து ஒரு பஜனைக் குழுப் பாடகன்